பச்சைக்கு எந்த ஊர்?

மார்ச் 17. அமெரிக்காவில் பள்ளிக்கூட ஹாலிலோ, தேவாலய வளாகத்திலோ, அலுவலகச் சாப்பாட்டறையிலோ அயர்லாந்தின் காவல் புனிதர் செயின்ட் பேட்ரிக்கின் தின விருந்து நடந்தால், மேசையின் கோடியில் அநேகமாக அந்தக் கண்ணாடித் தட்டு இருக்கும். 9-க்கு 13 அங்குலம். குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் நாலு அடுக்கு தெரியும்: அடியில் பொன்னிறத்தில் பிஸ்கட் போல ஒன்று, அதன்மேல் கெட்டியான வெள்ளை, அதற்குமேல் பளீரென்ற பச்சை, உச்சியில் மறுபடி வெள்ளை நுரை. சதுரமாக வெட்டித் தூக்கினால் பச்சை லேசாக ஆடும், ஆனால் சரியாது. வழிந்து ஓடினால் செய்தவருக்குக் கைப்பக்குவம் போதாது என்று அர்த்தம்.

ஐரிஷ் இனிப்பு என்று சொல்லித்தான் பரிமாறுகிறார்கள். இதில் அயர்லாந்து எங்கே இருக்கிறது என்று பார்க்கலாமே என்றுதான் தேட ஆரம்பித்தேன். அயர்லாந்துச் சமையல் நூல்களில் சோடா ரொட்டி உண்டு, உலர்திராட்சை போட்ட பார்ம்பிராக் உண்டு, ஆப்பிள் கேக் உண்டு. இந்தப் பச்சை அடுக்கு மட்டும் கிடையாது. மொத்தமாகத் தேடினால் பிடிபடாது, அடுக்கு அடுக்காகப் பிரித்துத் தேடுவோம் என்று இறங்கினேன். வழி அயர்லாந்துப் பக்கமே போகவில்லை.

அடி அடுக்கு எளிது. ஒரு கப் மைதா, அரை கப் வெண்ணெய், அரை கப் பொடித்த பீக்கன் கொட்டை. பிசிறிவிட்டுத் தட்டில் அழுத்தி, 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக வேகவிட வேண்டும். பீக்கன் வட அமெரிக்க மண்ணுக்கே உரிய மரம். அதன்மேல் வருகிற வெள்ளை, சர்க்கரைப் பொடி சேர்த்து அடித்த க்ரீம் சீஸ். நியூயார்க் மாநிலத்தில் செஸ்டர் என்ற சிற்றூரில் 1870களில் வில்லியம் லாரன்ஸ் என்ற பால்பண்ணைக்காரர் பெரிய அளவில் செய்ய ஆரம்பித்த சரக்கு இது. 1880இல் அதற்கு ஃபிலடெல்ஃபியா என்று பெயர் வைத்தார்கள். அந்த நகரத்துப் பால் பொருள்களுக்கு அப்போது நல்ல பெயர், அவ்வளவுதான் காரணம். சென்னையில் சுட்ட முறுக்குக்கு மணப்பாறை என்று சீட்டு ஒட்டிய கதை.

உச்சியில் இருக்கும் நுரைக்குக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும். அது அசல் பாலாடை அல்ல, கூல் விப். ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனம் 1966இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. உருவாக்கியவர் வில்லியம் மிட்செல் என்ற வேதியியலாளர். விண்வெளி வீரர்கள் குடித்ததாகப் புகழ்பெற்ற டாங் பொடியும், நாக்கில் வெடிக்கும் பாப் ராக்ஸ் மிட்டாயும் இவர் கைவண்ணம்தான். பாலாடையை அடித்து வைத்தால் சில மணி நேரத்தில் நீர் விட்டுக்கொள்ளும். கூல் விப் விடாது. முந்தின இரவே செய்து குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் மத்தியானம் காரில் ஏற்றி விருந்துக்குக் கொண்டுபோனாலும் அப்படியே நிற்கும். நாலு அடுக்கு இனிப்பு என்ற ஜாதியே அமெரிக்க வீடுகளில் பரவியதற்கு இந்த ஒரு குணம் போதும். டப்பாவின் பின்பக்கம் பார்த்தால் தண்ணீர், தாவர எண்ணெய், சோளச் சர்க்கரைப் பாகு என்று போய், கடைசி வரிகளில் குவார் பிசின் வரும். நம் கொத்தவரங்காயின் விதையிலிருந்து எடுக்கிற பிசின்தான். உலகத்துக்கு வேண்டிய குவாரில் பெரும்பங்கு இந்தியாவில், குறிப்பாக ராஜஸ்தானின் வறண்ட நிலத்தில் விளைகிறது. ஐரிஷ் விருந்து மேசையில் அயர்லாந்துக்கு முன்னால் ராஜஸ்தான் போய் உட்கார்ந்திருக்கிறது.

1970, 80களில் தேவாலயப் பெண்கள் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் நிதி திரட்டச் சுருள் கம்பி போட்டு அச்சிட்ட சமையல் புத்தகங்களில் இதே இனிப்பு சாக்லேட் புட்டிங்கோடு கிடைக்கிறது. பெயர் ‘ராபர்ட் ரெட்ஃபோர்ட்’. ஆமாம், அந்த நடிகர்தான். அவருக்கு அடுத்தபடியான சுகம் என்று யாரோ வைத்த பெயர் நிலைத்துவிட்டது. எலுமிச்சை புட்டிங் போட்டால் அது ஈஸ்டருக்கு. பச்சை போட்டால் பேட்ரிக்குக்கு. தட்டும் முறையும் மாறவில்லை. மூன்றாவது அடுக்கின் நிறம் மட்டும் காலண்டரைப் பார்த்து மாறுகிறது.

அந்தப் பச்சைக்கு வருவோம்.

நியூயார்க் மாநிலத்திலேயே லீராய் என்று ஓர் ஊர். அங்கே இருமல் மருந்து தயாரித்துக்கொண்டிருந்த பேர்ல் வெயிட், 1897இல் ஜெலட்டின் பொடியில் பழ வாசனையும் சர்க்கரையும் கலந்தார். மனைவி மே அதற்கு ஜெல்லோ என்று பெயரிட்டார். விற்கத் தெரியவில்லை. 1899இல் ஊர்க்காரர் ஒருவருக்கு, ஆரட்டர் உட்வர்டுக்கு, 450 டாலருக்கு உரிமையைக் கொடுத்துவிட்டார். ஸ்ட்ராபெரி, ராஸ்பெரி, ஆரஞ்சு, எலுமிச்சை என்று நாலே வகையில் தொடங்கிய வியாபாரத்தில் பச்சை நுழைந்தது 1930இல், லைம் ஜெல்லோவாக. அது வந்ததும் அமெரிக்க இல்லத்தரசிகள் கோஸ், கேரட், பாலாடைக்கட்டி என்று கையில் கிடைத்ததையெல்லாம் பச்சைக் கட்டிக்குள் உறையவைத்து சாலட் என்றார்கள். அந்த மோகம் யூட்டா மாநிலத்தில் இன்னும் தீரவில்லை. 2001இல் அம்மாநில செனட் சபை ஜெல்லோவை மாநிலத்தின் பிரியமான தின்பண்டம் என்று தீர்மானமே போட்டது.

ஆனால் நம் தட்டில் இருப்பது லைம் ஜெல்லோ அல்ல. அது மாட்டு, பன்றித் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுத்த ஜெலட்டினில் உறைவது. கண்ணாடி போல இருக்கும். இங்கே இருப்பது மங்கலான, பால் கலந்த பச்சை. பிஸ்தா புட்டிங். அதே ஜெல்லோ பெயரில் 1970களின் நடுவில் வந்த பொட்டலம். நிறுவனம் அதற்கென்று பரப்பிய குறிப்பு, டின் அன்னாசியும் கூல் விப்பும் கலந்த ‘பிஸ்தா பைனாப்பிள் டிலைட்’. வாட்டர்கேட் ஊழலால் அதிபர் நிக்சன் 1974 ஆகஸ்டில் பதவி விலகி நாடு முழுக்க ஒரே பேச்சாக இருந்த காலம் அது. ஜனங்கள் இதற்கு வாட்டர்கேட் சாலட் என்று பெயர் வைத்துவிட்டார்கள். உள்ளே என்ன மறைந்திருக்கிறது என்று தெரியாத பண்டம் என்பதாலா, வேறு காரணமா என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நிறுவனம் வைத்த பெயர் இன்று யார் நினைவிலும் இல்லை.

பொட்டலத்தைத் திருப்பிப் படித்தால் முதலில் சர்க்கரை, அடுத்து மாற்றப்பட்ட சோளமாவு. பாதாம், பிஸ்தா ஒவ்வொன்றும் இரண்டு சதவீதத்துக்கும் கீழே. பாலோடு சேர்த்து அடித்த ஐந்தே நிமிடத்தில் அடுப்பில்லாமல் கெட்டியாவதற்குக் காரணம், அதிலிருக்கும் பாஸ்பேட் உப்புகள். அவை பாலின் சுண்ணாம்புச் சத்தோடும் புரதத்தோடும் சேர்ந்து கூழாக்கிவிடுகின்றன. சோயா பாலிலோ பாதாம் பாலிலோ இந்தப் பொடியைக் கலந்தவர்கள் நீர்த்த பச்சைக் கஞ்சியைப் பார்த்துத் தலையில் கைவைப்பதும் அதனால்தான். அடுக்கு இனிப்புக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இரண்டு பொட்டலத்துக்கு நாலு கப் பால் என்று அட்டையில் போட்டிருக்கும். கைதேர்ந்தவர்கள் மூன்று கப்பில் நிறுத்திக்கொள்வார்கள். வெட்டும்போது ஆடிச் சரியாமல் நிற்கும் ரகசியம் அந்த ஒரு கப்.

நிறம்? மஞ்சள் 5, நீலம் 1. அதாவது டார்ட்ரஸினும் பிரில்லியண்ட் புளூவும். பிஸ்தாவுக்கு இதில் பங்கே இல்லை.

இங்கேதான் தேடல் எனக்குச் சுவாரசியமானது. பச்சையைப் பிரித்தால் நீலம் கிடைக்கிறது. பேட்ரிக்குக்கு முதலில் இருந்த நிறமும் நீலம்தான். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் 1783இல் அயர்லாந்துப் பிரபுக்களுக்காக ஆர்டர் ஆஃப் செயின்ட் பேட்ரிக் என்ற விருதுக் குழாமை ஏற்படுத்தியபோது, அதற்குத் தேர்ந்தெடுத்த பட்டையின் நிறம் வானநீலம். பச்சை எதிர்த்தரப்பின் நிறம். 1640களில் ஐரிஷ் கத்தோலிக்கர்களின் கில்கென்னிக் கூட்டமைப்புக்காரர்கள் பச்சைக் கொடியில் யாழ் பொறித்துப் பிடித்தார்கள். 1791இல் தோன்றிய ஐக்கிய ஐரிஷ்காரர் சங்கம் அந்தப் பச்சையை எடுத்துக்கொண்டது. அவர்களுடைய 1798 கிளர்ச்சி நசுக்கப்பட்ட பிறகு பச்சை ரிப்பன் கட்டுவதே ராஜதுரோக வாடை அடிக்கும் காரியமாகிவிட்டது. 1845இல் உருளைக்கிழங்கு நோயால் தொடங்கிய பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினார்கள். அவர்களோடு அந்தப் பச்சையும் போயிற்று. கலகத்தின் நிறம் கடல் தாண்டியதும் கொண்டாட்டத்தின் நிறமானது.

அமெரிக்கா அதைச் சாயமாகவே எடுத்துக்கொண்டது. 1914இல் நியூயார்க்கில் ஒரு மனமகிழ் மன்ற விருந்தில் தாமஸ் கர்ட்டின் என்ற மருத்துவர் பச்சை பீர் பரிமாறியதாகச் செய்தி வந்தது. அவர் செய்தது வேறொன்றுமில்லை, பீரில் துணிக்குப் போடும் நீலம் ஒரு சொட்டு விட்டார். பீரின் மஞ்சளோடு நீலம் சேர்ந்தால் பச்சை. புட்டிங் பொட்டலத்தின் அதே சூத்திரம். வேட்டிக்குச் சொட்டு நீலம் போட்டுப் பழகிய நமக்கு, அதைக் குடித்தவர்களை நினைத்தால் கொஞ்சம் வயிற்றைக் கலக்கத்தான் செய்கிறது. 1962இல் சிகாகோவில் பிளம்பர் சங்கத்தார் ஆற்றையே பச்சையாக்கினார்கள். கழிவுநீர் எந்தக் குழாய் வழியாக ஆற்றில் கலக்கிறது என்று கண்டுபிடிக்க வைத்திருந்த சாயம்தான். 100 பவுண்டைக் கொட்டினார்கள். ஒரு வாரம் ஆறு பச்சையாகவே ஓடியது. இப்போது 40 பவுண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள், சில மணி நேரம்தான் நிற்கும். கொட்டும்போது பொடி ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் என்பது நேரில் பார்ப்பவர்களை ஏமாற்றும் வேடிக்கை.

புதினா சங்கதியும் இப்படித்தான். இந்த விருந்துகளில் பச்சை என்றாலே புதினா வாசனையை எதிர்பார்க்கிறார்கள். மெக்டொனால்ட்ஸ் 1970இல் ஷாம்ராக் ஷேக் என்ற பச்சைப் பானத்தை விற்கத் தொடங்கியபோது அதில் எலுமிச்சை ஷெர்பெட்தான் இருந்தது. புதினா ஏறியது 1983இல். அதற்கு முன்பே புதினாப் பச்சையை அமெரிக்க இனிப்பில் ஏற்றிவிட்டது கிராஸ்ஹாப்பர் பை. நியூ ஆர்லியன்ஸின் டூஜாக்ஸ் உணவகம் தன்னுடையதென்று உரிமை கொண்டாடும் கிராஸ்ஹாப்பர் காக்டெயிலில் க்ரெம் டி மாந்த் என்ற புதினா மது சேரும். அந்தச் சுவையை 1950களில் பையாக உறையவைத்தார்கள். பிரெஞ்சு மது, லூசியானா மதுக்கடை. பேட்ரிக் எங்கும் இல்லை.

அதே காலத்தில் அயர்லாந்தில் என்ன நடந்தது? 1903இல்தான் பேட்ரிக் தினம் பொது விடுமுறை ஆனது. 1920களில் வந்த சட்டம் அன்று மதுக்கடைகளை மூடச் சொன்னது. 1960 வாக்கில்தான் அது தளர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் டப்ளினில் சட்டப்படி ஒரு மடக்குக் குடிக்க வேண்டுமென்றால் ராயல் டப்ளின் சொசைட்டியின் நாய்க் கண்காட்சிக்குப் போக வேண்டும். நாய்களில் திடீர் ஆர்வம் வந்தவர்கள் அன்று நிறையப் பேர். காலையில் பூசை, சட்டையில் ஷாம்ராக் என்ற மூவிலைச் செடியின் ஒரு கொத்து, வீட்டில் நல்ல சாப்பாடு. தவக்காலத்தின் நடுவே விரதம் தளரும் நாள் என்பதால் சாப்பாட்டுக்கு மதிப்பு. அமெரிக்கப் பாணியில் டப்ளினில் பெரிய திருவிழா தொடங்கியது 1996இல்.

அயர்லாந்துக்கே உரிய, உறையவைத்துச் செய்யும் இனிப்பு என்று ஒன்று கடைசியில் கிடைக்கத்தான் செய்தது. காரகீன். மேற்குக் கரைப் பாறைகளில் வளரும் செம்பாசி. வெயிலில் காயவைத்தால் வெளிறிக் காகிதச் சுருள் போலாகும். ஏழு கிராம் போதும், முக்கால் லிட்டருக்கு மேல் பால் உறையும். ஊறவைத்து, பாலில் மெல்லக் கொதிக்கவிட்டு, வடிகட்டியில் கரண்டியால் அழுத்திக் கூழைப் பிழிந்து, மஞ்சள் கரு சேர்த்து, அடித்த வெள்ளைக் கருவை மடித்து இறக்குவார்கள். கார்க் மாவட்டத்தில் மிர்டில் ஆலன் 1964இல் தொடங்கிய பாலிமலூ ஹவுஸ் உணவகம் இதை விருந்தினருக்குப் பரிமாறிப் பெருமைப்படுத்தியது. வெறும் வெள்ளை. பச்சைப் பொட்டுகூடக் கிடையாது. அதே பாசியிலிருந்து பெயர் பெற்ற காரகீனன் இன்று ஐஸ்க்ரீமிலும் சாக்லேட் பாலிலும் உண்டு. அதற்காக வேறொரு பாசியை ராமநாதபுரம் கடற்கரையில் மூங்கில் தெப்பங்களில் கட்டி வளர்க்கிறார்கள். மண்டபம் பக்கம் போனால் பெண்கள் அதை மணலில் விரித்துக் காயவைப்பதைப் பார்க்கலாம்.

பச்சைத் தட்டுக்கு இப்போது ஒரு நெருக்கடி வந்திருக்கிறது. ஜெல்லோவை வைத்திருக்கும் கிராஃப்ட் ஹைன்ஸ் நிறுவனம், அமெரிக்காவில் விற்கும் சரக்குகளிலிருந்து செயற்கைச் சாயங்களை 2027 முடிவதற்குள் எடுத்துவிடுவதாக 2025 ஜூனில் அறிவித்தது. மஞ்சள் 5, நீலம் 1 இரண்டும் போகும். சாயம் மாறுவது பேட்ரிக் தினப் பச்சைக்குப் புதிதல்ல. சிகாகோ ஆற்றின் சாயத்தைச் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் எதிர்த்து, பிளம்பர்கள் அதைத் தாவரச் சாயமாக மாற்றி எத்தனையோ காலம் ஆகிறது.