ஆடியில் எழுத வேண்டிய நோட்டு

"கண்மாய் வற்றிவிட்டது, பயிர் கருகுகிறது, என்ன செய்யலாம்?" மழை பொய்த்த ஆண்டுகளில் இந்தக் கேள்வி மார்கழியில்தான் வரும். வேளாண்மை அலுவலகத்து பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார்கள். பத்திரிகைக்கு எழுதியும் கேட்பார்கள். மார்கழியில் சொல்லக்கூடிய பதில் மிகச் சிறியது. 1 சதவீத பொட்டாசியம் குளோரைடு கரைசலைத் தெளித்துச் சில நாள் தாக்குப்பிடிக்கலாம், அவ்வளவுதான். அதே கேள்வியை ஆடியில் கேட்டால் சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

குன்றக்குடியில் ஒரு குடும்பம் அதை ஆடியில் கேட்கப் பழகிக்கொண்டது. சும்மா பழகவில்லை. ஒரு கறவை மாட்டையும் ஒரு ஜோடி வளையலையும் இழந்த பிறகுதான் பழகியது.

கண்மாய்க்குக் கீழே இரண்டரை ஏக்கர் நஞ்சை, மேட்டில் ஒரு ஏக்கர் செவக்காடு, அதில் ஒரு போர், மூன்று மாடு. பாலும் கத்தரிக்காயும் காரைக்குடியில் ஒரு மெஸ்ஸுக்குப் போகும். கணவருக்கு அப்போது ஐம்பது வயதை ஒட்டி இருக்கும். கணக்கு வழக்கெல்லாம் அவர் மனைவியின் தலையில்.

2016 புரட்டாசியில் வழக்கம்போல இரண்டரை ஏக்கரிலும் புழுதி விதைப்பாக நெல் போட்டார்கள். சந்தையில் விலை நன்றாக இருக்கிறதென்று 130 நாளுக்கு மேல் ஓடும் ரகம். ஐப்பசியில் இரண்டு தூறல் விழுந்தது. முளைப்பு வந்தது. கண்மாயில் மடைக்கல் நனையும் அளவுக்குக்கூடத் தண்ணீர் சேரவில்லை.

"இன்னும் கார்த்திகை இருக்குல்ல, பார்ப்போம்" என்றார் கணவர். கார்த்திகையும் போனது. அந்த ஆண்டு அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழகத்துக்குக் கிடைக்க வேண்டிய மழை சுமார் 440 மி.மீ. கிடைத்தது சுமார் 168 மி.மீ. பற்றாக்குறை 62 சதவீதம். 2017 ஜனவரி 10 அன்று மாநிலத்தின் 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அரசு அறிவித்தது. பாசன நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய், மானாவாரிக்கு 3,000 ரூபாய் என நிவாரணம் அறிவிக்கப்பட்டது.

நெல் போனதால் வைக்கோலும் போனது. மாட்டுக்கு விலை கொடுத்து வாங்கக்கூட அக்கம்பக்கத்தில் வைக்கோல் இல்லை. நல்ல கறவையாக இருந்த ஒன்றைப் பாதி விலைக்கு விற்றார்கள். மற்ற இரண்டைக் காப்பாற்ற வளையல் அடகுக்குப் போனது. அது திரும்பவே இல்லை.

பயிர்க் காப்பீடு? அந்த ஆண்டுதான் பிரதமரின் புதிய காப்பீட்டுத் திட்டம் தொடங்கியிருந்தது. சம்பா நெல்லுக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான். உதாரணமாக 30,000 ரூபாய்க்கு 450 ரூபாய். மீதிப் பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டும். "மழை பெய்யட்டும், கட்டிக்கலாம்" என்று இருந்தார். மழை பெய்யவில்லை, கெடு தேதி முடிந்துவிட்டது. பக்கத்து வயல்காரருக்கு இழப்பீடு வந்த அன்று இவர் கண்மாய்க்கரைப் பக்கமே போகவில்லை.

2017 ஆடியில் மனைவி நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிவந்து திண்ணையில் வைத்தார். "ஏங்க, போன வருசம் எந்தத் தேதியில என்ன பண்ணியிருந்தா மாடு நின்னிருக்கும்? அத மட்டும் சொல்லுங்க, எழுதறேன்" என்றார். அவர் நெடுநேரம் யோசித்துத்தான் சொன்னார். அப்படித் தொடங்கியது அந்த நோட்டு.

முதல் பக்கம் தண்ணீர். கண்மாய்ப் பாசனத்தில் தண்ணீர் பாதி இருந்தால் வயலிலும் பாதிதான் நடுவது என்பது முன்னோர் வைத்திருந்த கட்டுப்பாடு. அதை வீட்டளவில் எழுதிக்கொண்டார்கள். புரட்டாசியில் ஒன்றரை ஏக்கர் மட்டுமே விதைப்பது. மீதி ஒரு ஏக்கரை உழுது வைத்துக் காத்திருப்பது. ஐப்பசி 15 அன்று கண்மாயில் கால்வாசிகூட இல்லையென்றால் அந்த ஏக்கரில் நெல் பேச்சே கிடையாது. 65, 70 நாளில் வரும் வம்பன் ரக உளுந்து, ஏக்கருக்கு எட்டு கிலோ விதை. விதைக்கும் நெல்லிலும் பாதி, பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் 2009இல் வெளியிட்ட அண்ணா 4. வறட்சி தாங்கும், 100 முதல் 105 நாள். விலை அதற்குக் கொஞ்சம் குறைவுதான். ஆனால் ஒரு மாதம் முன்னால் அறுவடைக்கு வரும் பயிருக்கு ஒரு மாதத் தண்ணீர் மிச்சம்.

இதில் முக்கியம் ரகம் அல்ல, தேதி. "பார்ப்போம்" என்ற சொல்லுக்குத் தேதி கிடையாது. ஐப்பசி 15 என்று எழுதிவிட்டால் அன்று முடிவெடுத்தாக வேண்டும்.

இரண்டாம் பக்கம் தீவனம். ஒரு மாட்டுக்கு நாளுக்கு ஆறு கிலோ வைக்கோல் என்றால் ஆறு மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு டன். அந்த இருப்பு எப்போதும் படப்பில் இருக்க வேண்டும். பழையதைத் தின்னக் கொடுத்து, புதியதை அடுக்கி வைப்பது. செவக்காட்டில் பத்து சென்ட் கோ எப்.எஸ். 29 தீவனச்சோளம்.

மூன்றாம் பக்கம் பணம். விதைத்த வாரமே கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கி, சிட்டா, ஆதார், வங்கிப் புத்தகத்தோடு காப்பீடு பதிவது. கெடு தேதி வரை காத்திருப்பதில்லை. அறுத்து வயலில் உலரப் போட்ட கதிர் மழையில் நனைந்தால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். அந்தப் பிரிவு அந்த ஆண்டு அறிவிக்கையில் நமக்கு இருக்கிறதா என்று பதியும்போதே கேட்டுக்கொள்வது.

நான்காம் பக்கம் போன் நம்பர்கள். கால்நடை மருத்துவர், மின்வாரியம், டிராக்டர்காரர், காப்பீட்டு உதவி எண்.

ஐந்தாம் பக்கத்தில் தலைப்பு மட்டும் இருந்தது: "அவருக்கு முடியாமல் போனால்." அதன் கீழே மனைவி ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "அக்காவிடம் பட்டா விஷயம் பேச வேண்டும்." நிலம் இன்னும் காலமான அப்பா பேரிலேயே இருந்தது. மதுரையில் இருக்கும் அக்காவுக்கும் இவருக்கும் அப்பாவின் கருமாதியோடு பேச்சு நின்றுபோயிருந்தது. கணவர் அந்த வரியைப் பார்த்தார், நோட்டை மூடினார்.

இந்த ஊருக்குத் திட்டம் போடுவது புதிதல்ல. 1970களின் பிற்பகுதியில் குன்றக்குடி அடிகளார், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வக விஞ்ஞானிகளைக் கூட்டிக்கொண்டு, ஊரின் நிலம், நீர், ஆள்பலம் எல்லாவற்றையும் கணக்கெடுத்துக் கிராமத் திட்டம் வகுத்தார். குன்றக்குடி மாதிரி என்று நாடு முழுக்க அது பேசப்பட்டது. இருப்பதை முதலில் எண்ணு, பிறகு என்ன செய்வதென்று முடிவு செய் என்பதுதான் அதன் அடிப்படை. நாற்பது பக்க நோட்டிலும் அதுதான் நடந்தது, ஒரு வீட்டுக்கு.

நோட்டு எழுதியதால் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறி, புதுக்கோட்டை, சிவகங்கை வழியாக மேற்கே போனது. தென்னை சாய்ந்தது, மாட்டுக் கொட்டகைத் தகரம் பறந்தது, கரண்ட் போனது. நோட்டில் மின்வாரிய நம்பர் இருந்தது. போனில் சார்ஜ் இல்லை. மோட்டார் ஓடவில்லை. மாடு ஒன்றுக்கு நாளுக்கு அறுபது லிட்டர் தண்ணீர் வேண்டும். அடிபம்பில் இருவரும் மாறி மாறி அடித்துச் சுமந்தார்கள்.

கரண்ட் வந்த அன்று மனைவி நோட்டை எடுத்து அடுத்த பக்கத்தில் எழுதினார். புயல் எச்சரிக்கை வந்தவுடன் ஆயிரம் லிட்டர் தொட்டி நிரப்புவது. கொட்டகைத் தகரத்தைக் கம்பி போட்டுக் கட்டுவது. ஒரு பட்டன் போனை முழு சார்ஜில் அணைத்து வைப்பது. மாட்டைக் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்துவிடுவது. பட்ட பிறகு எழுதியவைதான் எல்லாம். ஆனால் எழுதியதால் அடுத்த முறைக்கு மறக்கவில்லை.

அடுத்தது யாரும் எதிர்பாராதது. 2020 மார்ச் 25, ஊரடங்கு. மெஸ் ஒரே ராத்திரியில் மூடியது. பங்குனி உத்திரத்தை நம்பிக் கத்தரி காய்த்துக் குலுங்கியது. மலையடிவாரத்தில் அந்த ஆண்டு கூட்டமே இல்லை.

இங்கே காப்பாற்றியது மனைவியின் பிடிவாதம். மெஸ்ஸில் லிட்டருக்கு நாலைந்து ரூபாய் கூடக் கிடைத்தபோதும், காலைப் பாலில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டுறவு சொசைட்டிக்கே ஊற்றிவந்தார். "எதுக்கு நட்டப்படணும்?" என்று கணவர் முணுமுணுக்காத நாள் இல்லை. "கடைக்காரர் வேணாம்னா வேணாம்தாங்க. சொசைட்டியில உறுப்பினரா ஊத்திக்கிட்டிருந்தா நம்ம பாலைத் திருப்பி அனுப்ப மாட்டாங்க" என்பார் அவர். ஊரடங்கில் ஆவின் கொள்முதல் நிற்கவில்லை. அவர்கள் பால் முழுவதும் சொசைட்டிக்குப் போனது. கத்தரிக்காயை அனுமதி நேரத்தில் மொபெட்டில் வைத்துத் தெருத்தெருவாக விற்றார் கணவர். விற்காததை மாடு தின்றது. லாபம் இல்லை. ஆனால் எதையும் விற்கவோ அடகு வைக்கவோ வேண்டியிருக்கவில்லை.

ஒவ்வோர் ஆடியிலும் நோட்டைத் திறந்து, தேவையில்லாததை அடித்து, புதியதைச் சேர்த்தார்கள். ஐந்தாம் பக்கத்து வரி மட்டும் அடிக்கப்படாமலே இருந்தது.

2023 ஐப்பசியில் கணவர் ஈர வரப்பில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு. அறுவைச் சிகிச்சை, பிறகு மூன்று மாதம் எழக்கூடாது. வறட்சிக்கும் புயலுக்கும் ஊரடங்குக்கும் நோட்டில் பதில் இருந்தது. மனைவி தேதிப்படி மடை பார்த்தார், உரம் போட்டார், ஆள் வைத்துக் களை எடுத்தார், பால் ஊற்றினார். வயல் நிற்கவில்லை.

நின்றது வேறு இடத்தில். வங்கிக் கணக்கு கணவர் பேரில் மட்டும். ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கையில் பணம் இல்லை, கணக்கில் இருந்தது. நிலத்தின் பேரில் நகைக்கடனைவிடக் குறைந்த வட்டியில் பயிர்க்கடன் கேட்கலாம் என்றால் பட்டா மாமனார் பேரில். வாரிசுச் சான்றும் அக்காவின் சம்மதமும் இல்லாமல் ஒரு தாளும் நகராது.

மனைவி யாரிடமும் கேட்காமல் மதுரைக்குப் போன் செய்தார். மறுநாள் காலை அக்கா வந்து நின்றார். தம்பி கட்டிலில் கிடந்த நிலையைப் பார்த்துவிட்டு, "பட்டாவுக்காகத்தான் கூப்பிட்டியாடா?" என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. "ஆறு வருசமா நோட்டுல எழுதி வச்சிருக்கோம், அண்ணி. பேசத்தான் தைரியம் வரல" என்று மனைவிதான் சொன்னார்.

"எழுதி வச்சீங்களா?" என்றார் அக்கா. நோட்டைக் கேட்டு வாங்கி, ஐந்தாம் பக்கத்தைப் பார்த்தார். பிறகு மற்ற பக்கங்களையும் புரட்டினார்.

மகளுக்கும் மகனுக்கும் சொத்தில் சம உரிமை உண்டு. அக்கா தன் பங்கை விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுக்க வேண்டியதும் இல்லை. வாரிசுச் சான்று வாங்கி, இருவர் பெயரிலும் கூட்டுப்பட்டா போட்டார்கள். அக்காவின் பங்கைத் தம்பியே பார்த்து, அறுவடையில் அவருக்கு உரியதைக் கொடுப்பதென்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த மாதம் வங்கிக் கணக்கில் மனைவியின் பெயர் சேர்ந்தது.

அந்த வரியை அடித்தவர் கணவர்தான், கட்டிலில் சாய்ந்தபடி.

வானம், சந்தை, கரண்ட் எல்லாம் நம் கையில் இல்லை. பட்டா, வங்கிக் கணக்கு, பேசாத உறவு மூன்றும் நம் கையில் இருக்கின்றன. இடர்க்காலத்தில் வீட்டை முதலில் நிறுத்துவது பெரும்பாலும் இவைதான். இந்த ஆடியில் ஒரு நோட்டு வாங்குங்கள். தண்ணீர், தீவனம், பணம், போன் நம்பர், ஆள் என்று ஐந்து பக்கம் போதும். ஒவ்வொன்றிலும் தேதி போடுங்கள், வீட்டில் இருவருக்காவது தெரியும் இடத்தில் வையுங்கள். எழுதக் கை தயங்குகிற வரி எதுவோ, அதை முதலில் எழுதுங்கள்.