கருவியும் கண்ணும்

“கேமரா என்ன விலை?” திருமண வீடுகளில் நான் அதிகம் எதிர்கொண்ட கேள்வி இதுவே. படம் சிறந்தால், “நல்ல கேமரா!” என்பர். பிசகினாலோ, “இவருக்குப் படமெடுக்கத் தெரியவில்லை” என்பர். புகழ் கருவிக்கு, பழி எனக்கு!

ஒரு நிக்காஹ் வீட்டில் மாப்பிள்ளையின் மச்சான் என் கேமராவை ஆவலுடன் வாங்கிச் சில படங்கள் எடுத்தார். அத்தனையும் கலங்கியிருந்தன. கூடத்தின் மங்கிய வெளிச்சத்திற்காக, நொடியில் 15-ல் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருக்குமாறு அமைத்திருந்தேன். அதற்குள் கை அசைந்தாலும் படம் கெடும். நானோ தூணில் சாய்ந்து, மூச்சடக்கி எடுப்பவன். இந்தப் பழக்கம் விலைக்குக் கிடைப்பதன்று.

கருவி வேண்டாம் என்பதல்ல என் வாதம். இருண்ட கூடத்தில் அகன்று திறக்கும் லென்ஸ் பேருதவி. ஆயினும், எந்த முகத்தை, எந்தக் கணத்தில் என்பதை அது அறியாது. பிரான்சு நாட்டின் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் (1908–2004) பெரும்பாலும் சிறிய லைக்கா கேமராவையும் 50 மி.மீ. லென்ஸையும் கொண்டே உலகப் புகழ் பெற்றார்.

அதே நிக்காஹில், எல்லோரும் மாப்பிள்ளையையே பார்த்திருக்க, பதிவேட்டில் கையொப்பமிட்ட மணமகளின் தந்தை கண் கலங்கினார். அதை எடுத்தேன். சில ஆண்டுகளில் அவர் மறைந்தார். அப்படத்தின் மறுபிரதி கேட்டு வந்த மகள், கேமராவின் விலையைக் கேட்கவில்லை.

“அந்த நேரத்தில் வாப்பாவை எப்படிக் கவனித்தீர்கள், காக்கா?” என்றே கேட்டார்.

என் தொழிலை அறிந்து கேட்ட கேள்வி அது ஒன்றே.