பையில் போகும் வேலை

எங்கள் பாட்டனார் வட ஆர்க்காட்டிலிருந்து ஒக்கலிபுரத்திற்கு வந்து குடியேறியது பின்னி ஆலையில் வேலை செய்வதற்காக. ஆலைச் சங்கு ஊதும்போது அவர் தறியின் முன் நிற்றல் வேண்டும். நின்றால் கூலி, இல்லையேல் இல்லை. வேலை ஓரிடத்தில், ஆள் வேறிடத்தில் என்னும் பேச்சுக்கே அந்நாளில் இடமில்லை. இன்று அவ்வாலை மறைந்து, அங்கே அடுக்குமாடி வீடுகள் எழுந்துவிட்டன. எங்கள் இளைய மகளோ தன் வேலை முழுவதையும் ஒரு மடிக்கணினியில் அடக்கித் தோளில் மாட்டிக்கொண்டு போகிறாள். கூடத்தில் அமர்ந்தாலும் வேலை நடக்கிறது. வேலூரில் அத்தை வீட்டுத் திண்ணையில் அமர்ந்தாலும் நடக்கிறது. அமெரிக்காவில் அமர்ந்தால் மட்டும் என்ன என்று நாங்கள் எண்ணியதில் வியப்பில்லை.

2024ஆம் ஆண்டுக் கோடையில், நியூ ஜெர்சியிலுள்ள மூத்த மகளுக்குப் பேறுகாலம். எங்கள் இருவருக்கும் இளையவளுக்கும் பி-2 என்னும் வருகையாளர் விசா முன்பே கிடைத்திருந்தது. ஆனால் இளையவளுக்கு மிச்சமிருந்த விடுப்போ பன்னிரண்டே நாள். "இரண்டு மாதம் அக்காவோடு இருக்கிறேன். இரவில் விழித்திருந்து கம்பெனி வேலையைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றாள். இங்கே காலை பத்து மணி என்றால் அங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. கைக்குழந்தை உள்ள வீட்டில் எப்படியும் எவரும் உறங்கப்போவதில்லை என்று நாங்களும் சிரித்துக்கொண்டே இசைந்தோம். சம்பளம் பெங்களூரில் வரவாகிறது. வரியும் இங்கேயே கட்டப்படுகிறது. அமெரிக்கர் எவருடைய பிழைப்பையும் அவள் பறிக்கவில்லை. இதில் குற்றம் எங்கே வந்தது?

எங்கள் தெருவில் முதிய வழக்கறிஞர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் இந்த ஏற்பாட்டைச் சற்றுப் பெருமையாகவே சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. இளையவளைப் பார்த்து, "பணம் இங்கே வருகிறது, சரி அம்மா. வேலை செய்யும்போது நீ எந்த மண்ணில் உட்கார்ந்திருப்பாய்?" என்று கேட்டார்.

பி வகை விசாவில் சென்றவர் எவ்வித வேலையிலும் ஈடுபடலாகாது என்பது அமெரிக்க விதி. தொலைவிலுள்ள முதலாளிக்குச் செய்யும் வேலைக்கு அவ்விதியில் தனி விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. அத்தகைய வேலை விதியில் அடங்காது என்று வாதிடுவோரும் உண்டு. ஆனால் அந்த வாதத்தை நிதானமாக எடுத்துரைக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டுவது அரிது. நெடும் பயணத்தால் களைத்து நிற்கும் ஒரு பெண்ணைக் குடிவரவு அதிகாரி வினவுகிறார்; அந்த இடத்திலேயே காரியம் முடிந்துவிடுகிறது. விசா நம்மை வாசல் வரையில்தான் கொண்டு சேர்க்கும். உள்ளே விடுவதா என்பதை முடிவு செய்பவர் அந்த அதிகாரியே. கைபேசியையும் கணினியையும் சோதிக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. "வேலை செய்வேன்" என்றால் வந்த வழியே திருப்பி அனுப்பலாம். விரைவு வெளியேற்ற ஆணை பிறந்தால் ஐந்தாண்டுக்கு மீண்டும் நுழைவதற்குத் தடை. "செய்யமாட்டேன்" என்று கூறி, கைபேசியிலுள்ள செய்திகள் வேறு கதை சொன்னாலோ நிலை இன்னும் கொடிது. பொய்யுரைத்து நுழைய முயன்றவள் என்று பதிவாகிவிட்டால் அந்தத் தடைக்கு ஆண்டுக்கணக்கே இல்லை. அரசு விலக்களித்தாலன்றி வாழ்நாள் முழுதும் அது தொடரும்.

அக்காள் வாழும் நாட்டில் தங்கை கால் வைக்கவே இயலாத நிலை! நாங்கள் அதை எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

பிறகுதான் அவளுடைய வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தோம். அயல்நாட்டிலிருந்து வேலை செய்வதற்கு எழுத்து மூலம் முன் அனுமதி வேண்டும் என்று அதில் தெளிவாக இருந்தது. அவள் அதைப் படிக்காமலே கையெழுத்திட்டிருக்கிறாள். வீட்டுக் கடன் பத்திரத்தில் நாங்கள் கையெழுத்திட்ட விதமும் அதுவே ஆதலால், அவளைக் கடிந்துகொள்ள எங்களுக்கு வாய் வரவில்லை.

வழக்கறிஞர் நம் ஊர்ச் செய்தி ஒன்றையும் நினைவூட்டினார். குறுகிய வணிகப் பயணத்திற்கு உரிய பி-1 விசாவில் ஊழியரை அனுப்பி, வேறு விசா தேவைப்படும் வேலைகளைச் செய்வித்தது என்று இன்ஃபோசிஸ் கம்பெனியின்மீது அமெரிக்க அரசு குற்றம் சாட்டியது. கம்பெனி அதனை மறுத்தது. எனினும் 2013 அக்டோபரில் 3 கோடியே 40 லட்சம் டாலர் செலுத்த இசைந்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது. அந்த வழக்கு வேறு, எங்கள் மகளின் நிலை வேறு என்பதை அறிவோம். ஆயினும் சட்ட அறிஞர்களைத் துணைக்கு வைத்திருக்கும் பெருங் கம்பெனிக்கே 'வருகை', 'வேலை' என்னும் இரு சொற்களுக்கு இடையிலுள்ள கோடு இத்துணைத் தொல்லை தந்தது என்றால், ஒக்கலிபுரத்துப் பெண் எம்மாத்திரம்?

எல்லா நாடுகளும் ஒரே வழியில் செல்லவில்லை என்பதையும் சொல்லவேண்டும். வருகையாளர் தம் நாட்டு வேலையைத் தொலைவிலிருந்து கவனித்துக்கொள்ளலாம் என்று பிரிட்டன் 2024 ஜனவரி 31 முதல் வெளிப்படையாகவே விதி செய்திருக்கிறது. வருகையின் முதன்மை நோக்கம் மட்டும் அதுவாக இருத்தல் கூடாது. கனடா, அயல்நாட்டு முதலாளிக்கு வேலை செய்வதைத் தடுப்பதில்லை. நியூசிலாந்தும் 2025 ஜனவரி 27 முதல் இதற்கு இடமளித்துள்ளது. மூத்தவளை லண்டன் மாப்பிள்ளைக்குக் கொடுத்திருக்கலாம் என்று எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. மாப்பிள்ளை இதைப் படிக்கமாட்டார் என்னும் துணிவில் எழுதுகிறோம்.

இளையவள் சம்பளமில்லா விடுப்பு கேட்டாள்; கம்பெனி மறுத்துவிட்டது. கணினியை வீட்டு அலமாரியில் பூட்டிவிட்டுப் பன்னிரண்டு நாளுக்கு மட்டும் எங்களோடு வந்தாள். அதிகாரி கேட்ட கேள்விக்கு, அக்காளைப் பார்க்க வந்ததாகச் சொன்னாள். அது உண்மையாகவே இருந்தது. ஆனால் குழந்தை நம் விடுப்புக் கணக்கை அறியுமா? மருத்துவர் குறித்த நாள் தள்ளிப்போயிற்று. இளையவள் விமானம் ஏறிய மூன்றாம் நாள் பேரன் பிறந்தான். கைபேசித் திரையில் அவள் எங்கள் வீட்டு மாடியில் நிற்பது தெரிந்தது. நிலையத்தை நோக்கிச் சென்ற ரயில் ஒன்று நீளமாகக் கூவிற்று. அந்த ஓசையில் குழந்தையின் அழுகுரல் அவளுக்குக் கேட்கவில்லை. "இன்னொரு தடவை அழச் சொல்லுங்கள்" என்றாள்.

"அவள் இருந்திருந்தால் யார் பார்த்திருக்கப் போகிறார்கள்?" என்று மூத்தவள் இன்றளவும் கேட்கிறாள். அவளைத் தேற்றும்படியான மறுமொழி எங்களிடம் இல்லை.

2025ஆம் ஆண்டு இறுதியில் கோலாலம்பூரிலுள்ள உறவுக்காரப் பையன் ஒருவன் எழுதினான். சுற்றுலா விசாவில் வந்து எங்கள் வீட்டு மாடியில் தங்கி, ஒரு மாதம் அங்கிருந்தே தன் கம்பெனி வேலையைப் பார்க்கலாமா என்று கேட்டான். நம் நாட்டிலும் சுற்றுலா விசா ஊர் பார்க்கவும் உறவினரைக் காணவுமே வழங்கப்படுகிறது. 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குடிவரவு, வெளிநாட்டினர் சட்டத்தின்படி, விசா நிபந்தனையை மீறினால் மூன்றாண்டு வரை சிறை அல்லது 3 லட்சம் ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் வரலாம். வெளிநாட்டவர் ஒருவர் நம் வீட்டில் தங்கினால், வந்த 24 மணி நேரத்திற்குள் பதிவு அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் அன்பர்கள் பலர் அறியார், நாங்களும் அறிந்திருக்கவில்லை.

அவனுக்கு இளையவளே மறுமொழி எழுதினாள். "தம்பி, பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வா. கணினியை அங்கேயே வைத்துவிட்டு வா." பொங்கலுக்கு வருவதாக உடனே பதில் வந்தது. கணினியைப் பற்றி அவன் ஒன்றும் எழுதவில்லை.