ரவைக்கூடும் சில நொடிகளும்

ஆங்கிலத்திலே 'மகசீன்' என்னுஞ் சொல், பண்டசாலையைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழிவந்தது. பலவற்றைச் சேர்த்துவைக்கும் இடம் என்னுங் கருத்தில், 1731ஆம் ஆண்டு இலண்டனிலே ஒரு சஞ்சிகைக்கு அப்பெயர் இடப்பட்டது. துப்பாக்கியின் ரவைக்கூட்டுக்கும் அதுவே பெயர். அறிவைச் சேர்க்கும் மகசீனுக்கு அளவு வேண்டியதில்லை. மரணத்தைச் சேர்க்கும் மகசீனுக்கு அளவு வேண்டுமா? அமெரிக்க மாநிலங்கள் பலவற்றின் வழக்கு இதுவே.

1994ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க அரசு, பத்துக்கு மேற்பட்ட ரவைகள் கொள்ளும் கூடுகளைப் புதிதாகச் செய்து விற்றலாகாதென விதித்தது. பத்தாண்டுத் தவணை முடிய, 2004இல் அவ்விதி ஒழிந்தது. பின்னர் மாநிலங்கள் தத்தம் வழியே சென்றன. 2012 யூலையில் கொலராடோவிலே படமாளிகையொன்றில் 12 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவருள் ஆறு வயதுக் குழந்தையும் ஒன்று. கொலைஞனிடம் நூறு ரவை கொள்ளும் கூடு இருந்தது. மறு ஆண்டே அம்மாநிலம் பதினைந்து ரவையை எல்லையாக வகுத்தது. அதனை ஆதரித்த செனற்றர் இருவரை, வாக்காளர் அவ்வாண்டிலேயே பதவியினின்றும் நீக்கினர்.

எமது மேல்வகுப்பில் இதுபற்றிப் பேசியபோது மாணவனொருவன், "ஐயா, பத்து ரவைக் கூடுகள் மூன்றைக் கொண்டுசென்றால் முப்பதுதானே? சட்டத்தாற் பயனென்ன?" என்றான். நல்ல வினா. அமெரிக்காவிலும் எதிர்ப்போர் இதனையே வினவுகின்றனர். காவலர் வந்துசேர நெடுநேரமாகும் நாட்டுப்புறத்திலே தனித்து வாழ்வோரின் தற்காப்பையும், 1791இல் நிறைவேறிய இரண்டாந் திருத்தத்தையும் அவர்கள் எடுத்துக்காட்டுவர். அவ்வச்சத்தை இகழ்ந்து ஒதுக்குதல் முறையன்று.

ஆயினும் மூன்று பத்தும் ஒரு முப்பதும் கணக்கிலேதான் ஒன்று. 2011 சனவரி 8ஆந் திகதி அரிசோனாவின் ரூசான் நகரில், காங்கிரஸ் உறுப்பினரொருவரைக் காண வந்தோர்மீது ஒருவன் 33 ரவைக் கூட்டைக்கொண்டு சுட்டான். அறுவர் மாண்டனர், ஒன்பது வயதுச் சிறுமியும் அவருள் ஒருத்தி. கூடு வெறுமையாகி, மறு கூட்டை மாட்ட அவன் முயன்றபோதுதான் அங்கிருந்தோர் பாய்ந்து மடக்கினர். அந்த இடைவெளி பத்தாம் ரவையின் பின்னரே வந்திருப்பின், எத்தனை உயிர் எஞ்சியிருக்கும்? திட்டமாகச் சொல்ல எவராலும் இயலாது. ஓர் உயிர் எஞ்சியிருப்பினும் அது சிறிதன்று.

மனத்திலுள்ள வெறியைச் சட்டம் மாற்றாது. அது வீட்டினதும் பள்ளியினதும் கடமை. ஆனால் வெறியன் கைக்கும் குழந்தையின் மார்புக்கும் இடையே சில நொடிகளை வைக்கச் சட்டத்தால் இயலும். அஞ்சியோர் ஓடித் தப்பவும், துணிந்தோர் ஓடிவந்து தடுக்கவும் அந்நொடிகள் உதவும்.