சிறிய ஏ முதல் சிறிய இஸட் வரை

2008ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், நாற்பதுக்கும் மேற்பட்ட கோப்புகளை என் கையாலேயே அழித்தேன். நாட்டார் பாடல்களை ஒலிநாடாவில் கேட்டு எழுதிய படிகள் அவை. செப்பம் செய்தவற்றுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கும் பெயர். கிறுக்கல் படிகளுக்குச் சிறிய எழுத்து. கிறுக்கல்களை மட்டுமே நீக்க எண்ணினேன். லினக்ஸ் கட்டளை வரியில், சதுர அடைப்புக்குள் சிறிய ஏ முதல் சிறிய இஸட் வரை எனக் குறித்து, அருகே ஒரு நட்சத்திரமும் இட்டு, அழிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். 'ஜமீன் கும்மி' ஒன்றே எஞ்சியது. அதன் பெயரைப் பெரிய இஸட்டில் தொடங்கியிருந்தேன்.

காரணம் விளங்கப் பல நாள் ஆயிற்று. எழுத்துகளின் வரிசை எது என்பதைக் கணினி 'லொகேல்' என்னும் மொழி அமைவைக் கேட்டே முடிவு செய்தது. 'சி' எனப்படும் அடிப்படை அமைவில் ஆஸ்கி எண்களே வரிசை: பெரிய எழுத்துகள் இருபத்தாறும் முன்னே, சிறியவை பின்னே. என் கணினியிலோ அமெரிக்க ஆங்கில அமைவு. அங்கே அகராதி வரிசை. சிறிய ஏ, பெரிய ஏ, சிறிய பி, பெரிய பி என இணை இணையாகச் செல்லும். சிறிய இஸட்டில் வேலியடைத்தால் வெளியே நிற்பது பெரிய இஸட் மட்டுமே.

2019இல் வந்த பாஷ் 5.0 முதல், அந்த ஷெல் இத்தகைய வீச்சுகளை எண்வரிசைப்படியே கொள்வது இயல்பாயிற்று. ஆங்கிலத்துக்குச் சிக்கல் தீர்ந்தது. தமிழுக்கு? 'ய' முதல் 'வ' வரை என்றால் நமக்கு ய, ர, ல, வ என நான்கு. யூனிகோடு எண்வரிசையில் ற, ள, ழ மூன்றும் இடையே புகுந்து ஏழாகிவிடும். இந்திய எழுத்துகளுக்கெல்லாம் பொது அச்சாக அமைந்த 1988ஆம் ஆண்டு இஸ்கி அட்டவணையின் வழி வந்த வரிசை அது. நம் நெடுங்கணக்கு அங்கே விருந்தாளிதான்!

ஓர் எழுத்தைக் குறிக்கும் வினாக்குறியின் கதை இன்னும் வேடிக்கையானது. 'கு' இலக்கணத்தில் ஓர் எழுத்து. யூடிஎஃப்-8 அமைவில் அதற்கு இரண்டு வினாக்குறிகள் வேண்டும். 'சி' அமைவில் ஆறு.

பெரும்பாலான பாடல்களை நாடாக்களிலிருந்து மீண்டும் எழுதிவிட்டேன். ஒரு மூதாட்டியின் ஒப்பாரி மட்டும் கிட்டவில்லை. எழுதியாயிற்றே என்று அந்நாடாவின்மேல் வேறொன்றைப் பதிந்திருந்தேன். நான் மறுபடி அவ்வூருக்குப் போனபோது அவரும் இல்லை.

இப்போதெல்லாம் அழிக்கும் முன் அதே குறிப்பை 'எக்கோ' கட்டளைக்குக் கொடுத்து, திரையில் வரும் பெயர்களை வாய்விட்டுப் படித்துப் பார்க்கிறேன்.