லாத்தாவின் முகமும் கதவின் ஆணிகளும்

கண்ணை நம்பிக் கெட்ட கதை ஒன்றைச் சொல்லப் போகிறோம். வாசகர்களில் அறுபதைக் கடந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க மாட்டார்கள். இளையவர்கள் சிரித்துக்கொள்ளட்டும், அவர்களுடைய முறையும் வராமலா போய்விடும்!

சென்ற ஆண்டு காயல்பட்டினத்தில் நம் லாத்தாவின் வீட்டிற்குச் சென்றிருந்தோம். லாத்தாவுக்கு வயது 78, நமக்கு 66. படம் எடுக்க எவர் வந்தாலும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விடுகிற அவர், அன்று என்ன நினைத்தாரோ, பின்கட்டுக் கதவருகே ஸ்டூலைப் போட்டு அமர்ந்து, “எடுக்கணும்னா இப்பவே எடு தம்பி. பிறகு நீ ஆசைப்படும்போது நான் இருக்கணுமே” என்றார்.

நம்மிடம் இருப்பது 1980களில் வாங்கிய நிக்கான் எஃப்.எம்.2 கேமரா. ஃபிலிம் போட்டு, லென்ஸின் வளையத்தைக் கையால் திருப்பிக் குவியம் காணவேண்டிய கருவி அது. பேரப் பிள்ளைகள் கைப்பேசியை நீட்டினார்கள். நாம் பெருமையுடன் மறுத்துவிட்டோம். பின்கட்டில் வெளிச்சம் குறைவு. ஆகவே லென்ஸின் துவாரத்தை 2 என்னும் எண்ணுக்கு அகலத் திறந்து, ஆறு படங்கள் எடுத்தோம்.

சென்னை திரும்பி ஃபிலிமைக் கழுவிப் பார்த்தபோது ஆறிலும் லாத்தாவின் முகம் பனி மூடிக் கிடந்தது. அவருக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளியிருந்த கதவின் இரும்பாணிகளோ, ஒவ்வொன்றாக எண்ணக்கூடிய அளவுக்குத் தெளிவு! 50 மில்லிமீட்டர் லென்ஸை அத்தனை திறந்து ஐந்தடித் தூரத்தில் இருப்பவரை எடுத்தால், தெளிவு நிற்கும் ஆழம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர்தான். மூக்கு நுனியிலிருந்து காது வரைக்கும்கூட அது போதாது. ஒரு முழம் பிசகினால் என்ன மிஞ்சும்?

இருந்தும் ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பினோம். “நல்லாத்தானே இருக்கு” என்று தொலைபேசியில் சொன்னார் லாத்தா. நாமும் அதை நம்புவதற்கு ஆசைப்பட்டோம். நான்கு மாதம் கழிந்து அவருக்குக் கண்புரை அறுவை நடந்தது. கட்டு அவிழ்த்துச் சில வாரங்களில் மறுபடியும் தொலைபேசி மணி அடித்தது. “தம்பி, நீ எடுத்த படத்தை இப்பத்தான் பார்த்தேன். கதவு இருக்கு. என் மூஞ்சியை எங்கே வச்சே?”

நாணம் நம்மைப் பிடுங்கித் தின்றது. படம் எடுத்த வேளையில் அந்த முகம் நமக்குத் தெளிவாகவே தெரிந்தது, இது சத்தியம். பஸராவில் 965ஆம் ஆண்டளவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த அறிஞர் இப்னுல் ஹைதம், தமது ‘கிதாபுல் மனாளிர்’ என்ற பெருநூலில் இதற்கு விடை வைத்திருக்கிறார். பழகிய பொருளைப் பார்வை முழுதும் ஆராய்வதில்லை. சில அடையாளங்களைக் கண்டதுமே மீதியை நினைவிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்கிறது என்பது அவர் கருத்து. பார்வையின் பிழைகளுக்கென்றே அந்நூலின் ஒரு பகுதியை அவர் ஒதுக்கியிருக்கிறார். அறுபதாண்டுக் காலம் பார்த்துப் பழகிய லாத்தாவின் முகத்தை நாம் கேமராவிலா பார்த்தோம்? நெஞ்சிலன்றோ பார்த்திருக்கிறோம்!

வெள்ளெழுத்து என்பது கண்ணினுள் இருக்கும் வில்லை நெகிழ்ச்சி இழந்து விறைத்துப் போவதாகும். அறுபதுக்குமேல் அது ஏறத்தாழ ஒரே தூரத்திற்கு அமைந்துவிட்ட லென்ஸ்தான். அப்படியானால் வாசிக்கும் கண்ணாடியை அணிந்துகொண்டு கேமராவுக்குள் பார்த்தால் சரியாகிவிடும் என்று நினைத்தோம். நிலைமை முன்னிலும் மோசமாயிற்று!

கடைசியில் கேமராவைத் தூக்கிக்கொண்டு மூக்குக் கண்ணாடிக் கடைக்கே சென்றோம். கடைக்கார இளைஞர் விவரம் தெரிந்தவர். கேமராவினுள் தெரியும் திரை கண்ணுக்கு மிக அருகில் இருப்பினும், அங்குள்ள கண்ணாடிகள் அதைச் சுமார் ஒரு மீட்டர் தூரத்தில் இருப்பதுபோலக் காட்டுகின்றனவாம். வாசிக்கும் கண்ணாடியோ 40 சென்டிமீட்டருக்குச் செய்தது. தூரக் கண்ணாடி தெருவின் கோடிக்குச் செய்தது. இரண்டுக்கும் நடுவே நாம் அகப்பட்டுக்கொண்டோம். அவர் சோதனை வில்லைகளை ஒவ்வொன்றாகக் கேமராவின் கண்துளை முன்னே வைத்து, “வெளியே எதையும் பார்க்காதீங்க பாய். திரையிலே பொறிச்சிருக்கிற வட்டம் கூர்மையாத் தெரியுதா, அதை மட்டும் சொல்லுங்க” என்றார். நாற்பது ஆண்டு கேமரா பிடித்த நமக்கு இது தோன்றவேயில்லை. பொருத்தமான வில்லையைக் கண்துளையில் பொருத்தியதும், அந்த வட்டம் ஊசியால் கீறியதுபோல் துலங்கிற்று.

கதவு தெளிந்ததன் மர்மமும் அப்போது விளங்கியது. திரையின் நடுவே, பிம்பத்தை இரண்டாக வெட்டிக் காட்டும் சிறு வட்டம் ஒன்று உண்டு. வெட்டுண்ட கோடு மேலும் கீழும் ஒன்று சேர்ந்தால் குவியம் சரி. கண் சற்று மங்கினாலும் ஒரு கோடு ஒடிந்திருப்பதை அறியும் திறன் எளிதில் போவதில்லை. ஆகவே முதியோருக்கு இது நல்ல துணை. ஆனால் லாத்தாவின் கன்னத்தில் கோடு ஏது? நம் கண் கோடு தேடி அலைந்து, கதவின் விளிம்பைப் பிடித்து அதைச் சேர்த்து வைத்துவிட்டது. முக்காட்டின் ஓரத்தையோ கண்ணாடிச் சட்டத்தையோ பிடித்திருக்க வேண்டும்.

தானே குவியம் காணும் கேமரா 1977இலேயே கடைக்கு வந்துவிட்டது. இன்றைய கருவிகள் தெளிந்த விளிம்புகளுக்கு வண்ணம் பூசியே காட்டுகின்றன. வாங்கலாம்தான். ஆனால் இந்தக் கடனை அந்தப் பழைய கருவியைக் கொண்டே தீர்க்க வேண்டும் என்றொரு பிடிவாதம்.

சென்ற மாதம் மறுபடியும் காயல்பட்டினம் போனோம். இம்முறை கண்ணை மட்டும் நம்பவில்லை. ஒரு நூல் கயிற்றில் நான்கடி, ஐந்தடி, ஏழடி அளவுகளில் முடிச்சுப் போட்டுக் கொண்டுபோனோம். கேமராவின் தலைப்பில் ஃபிலிம் இருக்கும் தளத்தைக் காட்டும் குறி உண்டு. தூரத்தை அங்கிருந்தே அளக்க வேண்டும். கயிற்றின் தலைப்பை அந்தக் குறியில் நாம் பிடித்துக்கொண்டு, ஐந்தடி முடிச்சை லாத்தாவின் கையில் கொடுத்துக் கண்ணுக்குக் கீழே வைத்துக்கொள்ளச் சொன்னோம். சின்ன வயதில் பட்டம் விடும்போது நூலைப் பிடித்துத் தந்த அதே விரல்கள், அதே பொறுமை. கயிறு விறைத்து நின்றது. வளையத்தை 5இல் நிறுத்தினோம்.

“அசையாதீங்க லாத்தா.”

“நான் அசையலே தம்பி. கயிறு ஆடுறது உன் பக்கத்திலேதான்.”

அவர் கயிற்றை விட்டதும் அழுத்தினோம். அந்தச் சுருளில் இன்னும் 9 படங்கள் மீதமிருக்கின்றன. கழுவக் கொடுக்கவில்லை.