கூட ஏறிச் செல்பவர்

கயை என்றதும் நம் சங்கக் குடும்பத்தினருக்கு விஷ்ணுபாதமும் அட்சயவடமும் பிண்டதானமுமே நினைவுக்கு வரும். பெற்றோரின் காரியத்திற்காக வந்து, வண்டி விவரம் கேட்டு, தமிழிலே விடை கிடைத்ததும் வியப்புறும் அன்பர்கள் பலரை என் விசாரணைச் சாளரத்தில் கண்டிருக்கிறேன். குளிர்காலத்தில் அங்கு வருவோருள் வேறொரு கூட்டமும் உண்டு. சுமார் 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புத்தகயைக்குச் செல்லும் ஜப்பானிய யாத்திரிகர்களே அவர்கள். புத்தர் ஞானம் பெற்ற நாளை அந்நாட்டார் வைகாசிப் பௌர்ணமியில் அல்ல, டிசம்பர் 8-ஆம் நாள் கொண்டாடுகின்றனர்.

அவர்களை அழைத்து வருபவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஜப்பானிய அம்மையார். ஒசாகாவில் இந்தி பயின்று, இளமையிலேயே இந்நாட்டுக்கு வந்து, தில்லியில் ஒரு பயண நிறுவனத்தில் அமர்ந்தவர். எங்கள் இருவருக்கும் இந்தி தாய்மொழியன்று. ஆயினும் எங்கள் உரையாடல் இந்தியில்தான். அவர் தொழிலுக்கு ஜப்பானிய மொழியில் ‘தென்ஜோயின்’ என்று பெயர். ‘கூட ஏறிச் செல்பவர்’ என்பது அதன் பொருளாம்.

ஜப்பானிய மக்கள் ஊர் பார்க்க வெளிநாடு செல்வதற்கு 1964 ஏப்ரல் முதல் நாளன்றுதான் வழி திறந்தது. அப்போதும் ஆண்டுக்கு ஒருமுறை, 500 டாலருக்கு மிகாமல் என்ற கட்டுப்பாடு இருந்தது. புத்தகயையில் 1973-இல் ஜப்பானியக் கோயில் எழுந்தது. 1989-இல் திறக்கப்பெற்ற 80 அடிப் புத்தர் சிலையும் ஜப்பானியப் பௌத்தர்களின் முயற்சியே.

அம்மையாரின் வேலை இடங்களைக் காட்டுவதோடு முடிவதில்லை. விடுதிச் சமையற்காரருக்கு அரிசிக் கஞ்சி காய்ச்சக் கற்பித்திருக்கிறார். அதனுடன் உண்ண, உப்பிலிட்ட ‘உமே’ என்னும் புளிப்புக் கனியைப் பையில் வைத்திருப்பார். நம் வீட்டுக் கஞ்சியும் ஊறுகாயுமேதான்! ஏறும்போதும் இறங்கும்போதும் ஆட்களை எண்ணுவார். பனிமூட்டத்தால் வண்டி ஐந்து மணி தாமதம் என்று நான் சொல்ல நேர்ந்தால் எனக்கே நாணமாக இருக்கும். 2017-இல் அவர் நாட்டில் ஒரு வண்டி 20 விநாடி முன்னதாகப் புறப்பட்டதற்கு அதனை இயக்குவோர் மன்னிப்புக் கேட்டனர். அம்மையாரோ சிரித்துக்கொண்டே எல்லாருக்கும் தேநீர் வாங்கப் போவார்.

சென்ற குளிர்காலத்தில் ஒருநாள் அவர் முகம் வெளிறி ஓடிவந்தார். இருபத்திரண்டு பேரில் முதியவர் ஒருவரைக் காணோம். காசி வண்டி புறப்படும் தறுவாய். மற்றவர்களை உதவியாளருடன் அனுப்பிவிட்டுத் தாம் நின்றுவிட்டார். மேலதிகாரியின் இசைவு பெற்று, ஒலிபெருக்கியின் முன் அவரை அமர்த்தினேன். எங்கள் நிலையத்தில் இரண்டு வாக்கியம் ஜப்பானிய மொழி ஒலித்தது. கால் மணியில், சுமைதூக்கும் தொழிலாளி ஒருவரின் கையைப் பிடித்தபடி முதியவர் வந்து சேர்ந்தார். மாலையிட்ட படத்துடன் காரியம் முடித்துத் திரும்பிய ஒரு குடும்பத்தைக் கண்டு, கைகூப்பி அவர்கள் பின்னே சென்றுவிட்டாராம். அவர் சட்டைப் பையிலும் மறைந்த மனைவியின் படம் இருந்தது.

அடுத்த வண்டிக்குக் காத்திருக்கையில், “ஊருக்குப் போய் வருவதுண்டா?” என்று அம்மையாரைக் கேட்டேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “2020 கோடையில் வானூர்திகள் நின்றிருந்தபோது என் தாய் காலமானார். தில்லி அறையில் தொலைபேசித் திரையிலேதான் இறுதிச் சடங்கைப் பார்த்தேன். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளும் பருவக் காலத்தில் வேலை மிகுதி என்று போகாமலிருந்துவிட்டேன். அப்போது வானூர்திகள் பறந்துகொண்டுதான் இருந்தன” என்றார்.

வண்டி வந்தது. முதியவரை முதலில் ஏற்றிவிட்டு, தாமும் ஏறி, கையசைத்தார்.

கும்பகோணத்தில் என் தந்தைக்கு எழுபத்தாறு வயது. நான் கடைசியாகச் சென்று ஈராண்டுக்கு மேலாகிறது. விடுப்பு கிடைப்பதில்லை என்று அவருக்குச் சொல்லி வந்தேன். உண்மையில் நான் கேட்கவேயில்லை. அன்று பணி முடிந்து எழுவதற்கு முன் விடுப்புக்கும் பாஸுக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன்.